எட்டுப் பேர் இல்லாமல் ஓடாது

"ஒருத்தருக்கெல்லாம் படம் ஓட்ட முடியாதுங்க கண்ணு" என்றார் கிட்டுசாமி, டிக்கெட் கவுண்டரின் ஓட்டை வழியாக.

நீட்டிய கையை ஆரோக்கியராஜ் இழுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு முதல் நாள், மதியக் காட்சி. தியேட்டர் வாசலில் அவனைத் தவிர ஒரு நாய் இருந்தது. அதுவும் நிழலுக்காக வந்தது.

"அண்ணாச்சி, நாளைக்குப் புதுப்படம் போட்டுருவிய. இந்தப் படப் பொட்டி போயிரும்லா?"

"சாயங்காலமே எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. என்ன பண்றதுங்க, கரண்டு கட்டுப்படியாகோணுமில்லீங்களா? ஆறு பேராவது வேணுமுங்க."

ஆரோக்கியராஜ் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நைட் ஷிப்ட். அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருந்தான். மூன்று முறையும் இடைவேளை வரைதான். அதன் பிறகு விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவான். அங்கே பகல் காட்சிக்கு வந்த எல்லாருமே அப்படித்தான். அறையை விடத் தியேட்டரில் ஃபேன் நன்றாகச் சுற்றும் என்று டிக்கெட் எடுத்த நைட் ஷிப்ட்காரர்கள். போனஸ் வாங்கியதும் அவர்களும் மதுரைக்கும் நெல்லைக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். ஆரோக்கியராஜுக்குத் தீபாவளி கிடையாது. கிறிஸ்துமஸ் உண்டு. அப்போது ஷிப்மெண்ட் இருக்கும், லீவு இருக்காது.

இன்றைக்கு இரண்டாம் பாதியைப் பார்ப்பதற்காகவே காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தான்.

படம் சென்னையில் ஒரு பண்டிகை நாளில் நடக்கிறது. ஊருக்குப் போகாத ஐந்து பேர். லிஃப்ட் இயக்குகிறவர், ஒரு நர்ஸ், சாவி செய்கிறவர், டெலிபோன் பூத் நடத்துகிற பெண், மேன்ஷனில் தங்கி வேலை தேடுகிறவன். ஒரே தெரு. ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. சண்டை இல்லை, பாட்டு இல்லை, யாரும் அழுவதுகூட இல்லை. சாவிக்காரர் பழக்கத்தில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதையும் தானே குடிக்கிறார். அவ்வளவுதான் காட்சி. அதை எடுத்தவன் மனிதர்களை உட்கார்ந்து பார்த்தவன். திருட்டு சி.டி. போடுகிறவர்கள்கூட மதிக்காத படம் என்பதால், இன்று போனால் போனதுதான். அந்த ஐந்து பேரும் சந்தித்தார்களா என்று தெரியாமலே ஆரோக்கியராஜ் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

"இருங்க அண்ணாச்சி, ஆளோட வாரேன்" என்று கிளம்பினான்.

கம்பெனிக்கு எதிரே ஒச்சம்மாள் போண்டா போட்டுவிட்டு, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, படத்துக்கு வாரியளா?"

"யாருடா நடிச்சது?"

"யாருன்னே தெரியாத ஆளுவ."

"அப்பக் கதை நல்லாருக்கும். இரு, அடுப்ப அணைச்சுட்டு வர்றேன். ஊருக்குப் போனா எந்தம்பி பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கணும். அதுக்கு இது தேவல." போண்டாக்களைப் பையில் கட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த நாலு தொழிலாளிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவன் ஒரே கேள்விதான் கேட்டான். "ஃபைட் ஹை?"

"ஹை, ஹை. பகுத் ஃபைட்" என்றான் ஆரோக்கியராஜ். அவனுக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அதில் செலவானது.

"ஆறு ஆச்சு அண்ணாச்சி."

கிட்டுசாமி எட்டிப் பார்த்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். "ஆச்சுங்க. ஆனா ஆறுங்கறது சாதா நாளைக்குங்க. தீவாளி நோம்பிக்கு மொதநாளு எட்டுங்க."

"இது எந்த ஊருச் சட்டம்?"

"இந்தத் தியேட்டர் சட்டமுங்க. நீங்க போயிட்டு வாங்க, இவங்கள நான் பாத்துக்கறனுங்க. உக்காருங்க அம்மிணி. போண்டாவுங்களா அது?"

தெருக்கோடி பேக்கரியில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் தங்கராஜ். குடும்பத்தோடு ஊட்டி போவதாகக் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டுப் போனவர்.

"ஊட்டி எப்படி சார் இருக்கு?"

தங்கராஜுக்குப் புரையேறியது. "மெதுவாப் பேசுப்பா. சம்சாரம் கோவிச்சுக்கிட்டு காங்கேயத்துல அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. வெளிய சொல்லிராத."

"படத்துக்கு வாங்க, சொல்லல."

"கம்பெனி ஆளு யாரும் இருக்க மாட்டாங்களே?"

"ஒரு பயலும் கெடையாது சார்."

அதைச் சொன்ன ஆரோக்கியராஜ்தான் அடுத்த தெருவில் தலையைச் சொறிந்தபடி நின்றான். எட்டாவது ஆள் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே மனிதர் கம்பெனி வாட்ச்மேன் காசிமாயன்.

"கேட்ட விட்டுட்டு எப்புடிடா வர? தங்கராஜ் சாருக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சுப்புடுவாரு."

"அவரு ஊட்டில ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்காரு. வாரும்."

ஒருவரை முதல் வரிசையிலும் இன்னொருவரைக் கடைசி வரிசையிலும் உட்கார வைப்பது ஆரோக்கியராஜின் திட்டம். கிட்டுசாமி அதையும் கெடுத்தார்.

"ஒரு ஃபேன்தானுங்க ஓடுது. எல்லாருமே அதுக்கடியில ஒரே வரிசையா உக்காந்துக்கோங்க."

எனவே தங்கராஜ் ஒரு கோடியில், நடுவில் மற்றவர்கள், விளக்கு அணைந்த பிறகு இழுத்து வரப்பட்ட காசிமாயன் மறு கோடியில். ஆபரேட்டரும் ஊருக்குப் போயிருந்ததால் கிட்டுசாமியே மேலே ஏறிப் படத்தை ஓட்டினார்.

முதல் பாதி நிம்மதியாகப் போனது. சாவிக்காரர் இரண்டாவது டீயைக் குடித்தபோது, "அட பாவி மனுசா" என்று ஒச்சம்மாள் மெல்லச் சொன்னாள். இடைவேளை விளக்கு எரிந்தது. அவள் போண்டாப் பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நீட்டினாள். இரு கோடியிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"யோவ் மாயா! நீ கேட்ல இல்ல?"

"சார்... நீங்க ஊட்டில இல்ல?"

ஒடிசாக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஃபைட்!" என்றான் மூத்தவன், திருப்தியாக.

"நாளைக்கு நீ வேலைக்கே வர வேண்டாம்!"

"நாளைக்கு லீவு சார்."

தங்கராஜ் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். மேலே புரொஜெக்டர் ஜன்னலிலிருந்து கிட்டுசாமியின் தலை வெளியே வந்தது. "ஏழு பேருக்கு ரெண்டாம் பாதி ஓடாதுங்கோ!"

ஆரோக்கியராஜ் ஓடிப்போய்க் கதவை மறித்தான். "சார், அந்தப் பூத்துக்காரி எல்லாருக்கும் போன் போட்டுக் குடுக்கா, அவளுக்கு ஒருத்தனும் பண்ணல. பண்ணுனானா இல்லையான்னு தெரியாம எங்க சார் போறிய? ஊட்டிக்கா?"

தங்கராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய செல்போனும் காலையிலிருந்து ஒலிக்கவில்லை.

ஒச்சம்மாள் போண்டாவை மென்றபடியே தீர்ப்புச் சொன்னாள். "இந்தாங்கய்யா, அவரு ஊட்டியில இருக்காரு. இவரு கேட்ல இருக்காரு. இங்கிட்டு யாருமே இல்ல. பேசாம உக்காருங்க."

இல்லாத இருவரும் உட்கார்ந்தார்கள், இந்த முறை அடுத்தடுத்த நாற்காலியில்.

இரண்டாம் பாதியில் ஆரோக்கியராஜ் ஒரு முறைகூடக் கண்ணை மூடவில்லை. பூத்துக்காரிக்கு யாரும் போன் செய்யவில்லை. கடைசியில் தெருவில் கரண்டு போகிறது. ஐந்து பேரும் வாசலுக்கு வருகிறார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை. "உங்க பக்கமும் போயிடுச்சா?" என்கிறது ஒரு குரல். "போயிடுச்சு" என்கிறது இன்னொன்று. யாரும் உள்ளே போகவில்லை. கரண்டு வருவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. இதைவிட ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தாலும் படம் கெட்டிருக்கும். அது தெரிந்த ஆள்தான் அதை எடுத்திருந்தான்.

விளக்குகள் எரிந்தன. மூத்த ஒடிசாக்காரன் ஃபைட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அச்சா" என்று மட்டும் சொன்னான். காசிமாயன் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராஜ் செல்போனை எடுத்து, காங்கேயத்துக்கு அவரே போட்டார்.

கிட்டுசாமி கீழே வந்து வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒச்சம்மாள் அவரிடம் கடைசிப் போண்டாவை நீட்டினாள். யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை.

படப்பெட்டி எடுக்க வந்த ரத்தினசாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்ண்ணா, மூணு நாளா நான் எட்டிப் பாக்கறப்பெல்லாம் நீங்களே ஓட்டி, நீங்க ஒருத்தரே உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க, இன்னைக்கு மட்டும் இத்தனை பேர எப்படிங்க புடிச்சீங்க?"