உலக சபையும் என் கல்யாணச் செலவும்

கைதட்டல் கேட்டால் புத்தி கழன்றுவிடும் ரகம் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிறு மாலை, அது கழன்று விழுந்த சத்தம் பெங்களூர் மல்லேஸ்வரம் முழுக்கக் கேட்டது.

எங்கள் வாசகசாலையில் பட்டிமன்றம். உலக நாடுகள் கூடி ஒரு சபை நடத்துகின்றனவே, அதன் செலவில் பெரும்பங்கை அமெரிக்கா ஒன்றே சுமக்கலாமா? நான் ‘கூடாது’ கட்சி. முன்வரிசையில் தேவராஜ முதலியார், ஓய்வுபெற்ற ஓவர்சியர். அவர் மகள் கமலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ இன்னும் சம்மதம் சொல்லவில்லை. (பையன் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க வந்திருந்தார்.)

மழைக்கு முந்தைய காற்று, ஜன்னலில் சம்பங்கி மணம். வார்த்தைகள் என்னை இழுத்துக்கொண்டு ஓடின. ஒருவர் தலையில் செலவைக் கட்டிவிட்டு மற்றவர் பந்தியில் உட்காருவது என்ன நியாயம்? சேர்ந்து நடத்தும் காரியத்துக்குச் சேர்ந்தே செலவு செய்ய வேண்டும்! முதலியார் “ஹௌது, ஹௌது” என்று கன்னடத்தில் தலையாட்டினார். வசதியுள்ளவன் கூடக் கொடுத்தால் என்ன குற்றம் என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அன்று தெரிந்ததுபோல் முழங்கினேன்.

மறுநாள் காலை முதலியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்திரம், பந்தல், மேளம், சாப்பாடு எல்லாம் வழக்கப்படி பெண் வீட்டார் தலையில் என்று அப்பா நிம்மதியாக இருந்த வேளை.

“பொண்ணு கொடுக்க எனக்குச் சம்மதங்க. தம்பி சொன்ன மாதிரி, சேர்ந்து நடத்துற காரியம். செலவு பாதிப் பாதி.”

“அது அமெரிக்கா சமாச்சாரங்க,” என்றார் அப்பா. “நம்மளுக்கு வேற பழக்கம்.”

முதலியார் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கேலியே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். “ஏன் தம்பி, ரெண்டு குடும்பத்துக்கு அது பொருந்தாதா?”

பொருந்தாது என்றால் கமலா இல்லை. பொருந்தும் என்றால் அப்பா இல்லை.

“பொருந்தும்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. கல்யாணம்வரை என்னிடம் அவர் பேசவில்லை.

கல்யாணத்தில்தான் முழு விபரீதமும் புரிந்தது. பாயசம் தண்ணீராக இருக்கிறதென்று என் பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டுக்கே உரிய கோபத்தோடு இலையிலிருந்து எழுந்தார். முதலியார் பணிவாகக் கைகூப்பினார்.

“அது உங்க பாதிங்க.”

பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். செலவில் பங்கு கொடுக்காதவனுக்குத்தான் குறை சொல்லும் சுகமா? அந்தச் சபையின் செலவுத் தகராறு பேப்பரில் வரும்போதெல்லாம் இதையே யோசிக்கிறேன்.

யோசித்தபடி குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டால் போதும். பிள்ளைகள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். கமலா தலை நிமிராமலே சொல்வாள்:

“அது உங்க பாதி.”