ஏழாவது சொல் என் கற்பனை

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கள் வாசகி பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

சென்ற மாத இதழில், சொல்லாட்டப் பிரியர்களுக்கான பக்கத்தில், நான் அனுப்பிய பத்து அரிய ஆங்கிலச் சொற்களை வெளியிட்டிருந்தீர்கள். ஷூ நாடாவின் நுனியில் இருக்கும் சிறு குழலுக்கு ‘அக்லெட்’ என்று பெயர், அது உண்மை. இரண்டு புருவங்களுக்கு நடுவே உள்ள இடம் ‘கிளாபெல்லா’, அதுவும் உண்மை. காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனை ‘பெட்ரிகோர்’; சத்தியமாக உண்மை. ஆனால் ஏழாவதாக ‘ஸோவில்’ என்று ஒன்று இருந்ததே, பேச வாயைத் திறந்துவிட்டு வேண்டாம் என்று மூடிக்கொள்ளும் கணம் என்று பொருள் போட்டிருந்ததே, அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் இல்லை ஐயா. அதை நான்தான் உண்டாக்கினேன். இதை எழுதும்போதே காதெல்லாம் சுடுகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலக மாடியில் ஞாயிறு மாலைதோறும் சொல்லாட்டச் சங்கம் கூடும். பலகையில் ஆங்கில எழுத்துக் கட்டைகளைச் சொற்களாக அடுக்கி ஆடுகிற ஆட்டம். எங்கள் சித்தப்பாதான் பதினோரு ஆண்டுகளாக அங்கே நடுவர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. மூன்று அகராதிகளும் ஒரு மேசை மணியும் முன்னால் வைத்துக்கொண்டு, தப்பான சொல் வந்தால் மணியைத் தட்டுவார். அன்றைக்கு நான் சங்கத்து உறுப்பினரான பல் டாக்டர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தேன். நான்கு மாதமாக அவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன், தோற்றால்கூடப் பரவாயில்லை, “நல்லாத்தான் ஆடுற பாப்பா”ன்னு தலையைத் தடவுவார், அதைத்தான் தாங்க முடியாது. கையில் கடைசியாக இருந்த கட்டைகளில் ‘இஸட்’டும் ‘வி’யும் என்னையே பார்த்தன. எப்படியோ விரல்கள் ‘ஸோவில்’ என்று அடுக்கிவிட்டன. டாக்டர் துள்ளிக் குதித்தார்.

“சார், இது என்ன வார்த்தை? பல்லுல மாட்டிக்கிட்ட நார் மாதிரி இருக்கு!”

சித்தப்பா மூன்று அகராதிகளையும் புரட்டிவிட்டு மணியைத் தட்டினார். “செல்லாது. எங்க அண்ணன் பொண்ணா இருந்தாலும் செல்லாததுதான்.”

“நான் படிச்சிருக்கேன் சித்தப்பா.”

“எந்தப் புத்தகத்துல?”

“நீல அட்டை போட்டிருக்கும்.”

உலகத்தில் நீல அட்டைப் புத்தகங்கள் எத்தனை இருக்கும் ஐயா! ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. அகராதியில் இல்லாத சொல்லை ஒரு மாதத்துக்குள் அச்சில் காட்டினால் தீர்ப்பு மாறும். அதற்காகத்தான் ஒன்பது நல்ல சொற்களுக்கு நடுவே அதை ஒளித்துத் தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் சரிபார்த்து எடுத்துவிடுவீர்கள், நானும் தோற்றுத் தொலையலாம் என்று பாதி மனசு ஆசைப்பட்டது. தாங்கள் கட்டம் கட்டிப் போட்டுவிட்டீர்கள்.

இதழைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அந்த அப்பாவி மனிதர் அந்தப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்புறம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, “சொல் செல்லும். இனிமே இந்த நாற்காலியில உக்கார எனக்குத் தகுதி இல்ல”ன்னு சொல்லி மணியை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். டாக்டர் கைதட்டினார். இன்னொரு உறுப்பினரான மருந்துக்கடைக்காரர், “இதுக்கு ஒரு வார்த்தை இல்லையேன்னு எவ்வளவு நாள் தவிச்சேன் தெரியுமா! எங்க வீட்டுல தினமும் பத்து தடவை தேவைப்படும்”னு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

இப்போது டாக்டர்தான் நடுவர். பல் சம்பந்தப்பட்ட சொல் என்றால் அகராதியைத் திறக்காமலே செல்லும் என்கிறார். வீட்டிலோ அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் சித்தப்பா சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டி அகர வரிசையில் அடுக்கிவிட்டார். சர்க்கரைக்குப் பக்கத்தில் சலவைத்தூள். போன வாரம் அப்பாவின் காபியில் நுரை அடங்கவே இல்லை. “உங்க தம்பிய முதல்ல அந்த நூலகத்துக்கே தொரத்துங்க!”ன்னு அம்மா கத்துறாங்க, அப்பா வாயைக் கொப்புளிச்சிட்டே தலையாட்டுறாரு, சித்தப்பா பெயர்ச்சீட்டுக் கட்டோட அடுத்த அலமாரிக்குப் போறாரு.

ஆகவே, ‘ஸோவில்’ பொய் என்றும், அதைச் சொன்னவள் பொய்க்காரி என்றும், மணியடித்த நடுவர் குற்றமற்ற அப்பாவி என்றும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதைக் காட்டித்தான் அவரை நாற்காலிக்குத் திரும்ப அழைக்க முடியும். தங்கள் பத்திரிகை மேன்மேலும் வளரட்டும். என் போன்றவர்கள் கண்ணில் படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் வாசகி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்பு கைகழுவப் போனேன். திரும்பி வந்தால், தாளைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத சித்தப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். “நாலு பிழை இருக்கு. திருத்திட்டேன்”ன்னார். பிறகு வெகுநேரம் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் சொல்லிவிட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் பக்கத்தில் அவர் பெயரில் வந்த ஒரு சொல்லும் அவரே உண்டாக்கியதாம்! “அன்னைக்கு நீ பத்திரிகையை நீட்டினப்பவே அது டூப்புன்னு எனக்குத் தெரியும்மா. அதுல வர்றதையெல்லாம் நம்பக் கூடாதுன்னு எந்திரிச்சு சொல்ல நினைச்சேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?”

ஆகையால் மேலே ‘அப்பாவி’ என்று வரும் இரண்டு இடங்களையும் அடித்துவிடவும். அவருடைய கடிதமும் இத்துடன் இருக்கிறது. இந்த ஞாயிறு இரண்டு பேரும் சங்கத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளப் போகிறோம். நாற்காலி கிடைக்குமா, வெளியே போகச் சொல்வார்களா, தெரியாது. திருத்தம் இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போடவும். என்னுடையது மேலே வரட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். “வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா, என் தப்புதான் மூத்தது” என்கிறார். அவருடையதையே முதலில் போடவும்.