நத்தை வாத்தியார் பெண் பார்க்கப் போன கதை

உத்திரமேரூரில் கடலைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஜீவன் நத்தை வாத்தியார்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஏரி நிரம்புமா, நெல் என்ன விலை போகும் என்கிற கவலை. இவருக்கோ நடுக்கடலில் மிதக்கிற ஊதா நத்தைக்கு இன்றைக்குத் தின்னச் சொறிமீன் கிடைத்ததோ இல்லையோ என்கிற கவலை.

ஐம்பதுகளின் கடைசி. ஹைஸ்கூலில் அவர் சயன்ஸ் மாஸ்டர், நான் டிராயிங் மாஸ்டர். என் தலையெழுத்து, ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. கோடைக் காற்று கிளம்பினால் போதும், லீவு போட்டுவிட்டுச் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு ஓடிவிடுவார். கரை ஒதுங்கிய ஓடுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு டப்பா பக்கத்திலேயே பரப்புவார். அந்த வாடையில் தயிர்சாதம் உள்ளே இறங்குமா?

"இத்த பாருங்க சார். ஆதியில இதுங்களோட பாட்டன் முப்பாட்டன்லாம் கடலுக்கு அடியில ஊந்துகினு கெடந்ததுங்க. முட்டைப் பொட்டலத்துல காத்துக் குமிழி மாட்டிக்கினு மேல தூக்கியாந்திருக்கும்னு நெனைக்கிறேன். அப்பாலிக்கா நுரையே தெப்பமாப் பூடுச்சு. தலைகீழாத் தொங்கிக்கினே உலகத்தைச் சுத்துது சார்! ஆப்பிரிக்காவுலயும் இதான், அமெரிக்காவுலயும் இதான்."

"நம்ம ஏரியில உண்டா?"

"இல்ல சார்" என்பார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

இந்த நத்தையால் அவருக்குக் கல்யாணமே தட்டிப்போய்க்கொண்டிருந்தது. வந்த வரனெல்லாம் 'மாப்பிள்ளை ஒரு மாதிரி' என்று நழுவின. ஒருநாள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்கூல் வுட்டா வூட்டுக்குப் போவப் புடிக்கல சார். நத்தைன்னாலே அம்மாவுக்குப் பேஜாரு. ஒரு பேச்சுத் துணை இருந்தா நல்லாருக்கும்." எதற்கும் கிண்டல் பண்ணுகிற நான், அன்றைக்கு அவர் ஓடுகளுக்கு இடம்விட்டு என் டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

ஐயங்கார்குளத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அவர் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். போகிற வழியெல்லாம் மகனிடம் சத்தியம் வாங்கினார்.

"நத்தைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அந்த ஊரு கொளத்துலயே வுளுந்துடுவேன். சார், இவன் வாயத் தொறந்தா காலை மிதிங்க."

"மிதிக்கிறேம்மா" என்றேன், சந்தோஷமாக.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரி வந்தது, காபி வந்தது. பெண் சரோஜா வந்து கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றாள். அவள் அப்பா, "மாப்பிள்ளை எதுனா கேக்கணும்னா கேக்கலாம்" என்றார். அப்படிச் சொல்வது ஒரு மரியாதை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு 'ஒண்ணுமில்லீங்க' என்பது பதில் மரியாதை. எந்த மாப்பிள்ளையும் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டதில்லை. இவர் எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ கடலைப் பாத்துருக்கியா?"

நான் மிதித்தேன்.

"இல்லீங்க" என்றாள் சரோஜா.

அவ்வளவுதான், மனிதருக்கு மடை திறந்துகொண்டது. டம்ளரைத் தூக்கி, "இந்தக் காபி நுரைதான் தெப்பம்னு வெச்சிக்கோ" என்று ஆரம்பித்து, கேசரியிலிருந்து முந்திரியைப் பிடுங்கி நுரைக்கடியில் தொங்கவிட்டார். முந்திரி முழுகிப்போனது. "பாத்தியா! நுரைய வுட்டுச்சுன்னா அதுவும் இப்டித்தான், மேல வராது!" நான் மிதிக்க மிதிக்க, காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். அவர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னொரு அதிசயம் கேளு. சின்னதுல எல்லாமே ஆம்பளை. வளந்தா பொம்பளையா மாறிப்பூடும்!"

பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறினார். "இன்னாங்க பேச்சு இது, பொண்ணு பாக்க வந்த வூட்ல?"

போச்சுடா என்று நானும் எழுந்தேன். நத்தை வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய், "மன்னிச்சிக்குங்க" என்று செருப்பைத் தேடினார்.

"நைனா, செத்த இரு." சரோஜாதான். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "ஏங்க, காத்து கரைக்குத் தள்ளிட்டா அது இன்னாதாங்க பண்ணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அதுக்கு நீந்தத் தெரியாது" என்றார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே.

"ஐயோ பாவம்" என்றாள்.

அப்பா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஏதோ கசமுசவென்று பேசினார்கள். வெளியே வந்தவர், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் எனக்கு விருந்து. மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன். "ஏம்மா சரோஜா, அந்த உளறலைக் கேட்டும் எப்படிம்மா சரின்னே?"

குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வந்தவங்கல்லாம் நட, பாடு, முடியைக் காட்டுன்னு என்னைப் பாத்துட்டுப் போனாங்க சார். இவுரு ஒருத்தருதான் எங்கிட்ட சொல்றதுக்குன்னு ஒண்ணு எடுத்துக்கினு வந்தாரு."

நத்தை வாத்தியார் காதுவரை சிவந்துபோய் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், நூறு வருஷம் நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மோர் கேட்டேன்.