கேரம் பலகையும் முனியாண்டி கிடாவும்

பேராக் மாநிலத்தில் ஏரியலைப் போலத் திசை தெரியாத ஜென்மம் இன்னொன்று பிறக்கவில்லை. வடக்கே கமுந்திங் போகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தால் தெற்கே ஆயர் தாவாரிலிருந்து போன் பண்ணுவான். கைப்பேசி வலப்பக்கம் திரும்பச் சொல்லிக் கெஞ்சினாலும், "அதுக்கு என்னா தெரியும்லா" என்று இடப்பக்கம் திரும்புவான்.

அப்படிப்பட்டவன்தான், ஈப்போ கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, ஒளித்துவைத்த, சிக்னல் அனுப்பும் குட்டி ரேடியோ எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் கருவி செய்வோம் என்றான். என் கெட்ட நேரம், அவனுக்கு ஜோடி நான். தேறினால் இருவரும் தேறுவோம். கோட்டை விட்டால் இருவரும் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

செம்புக் கம்பியைச் சுற்ற ஒரு சட்டம் வேண்டியிருந்தது. வீட்டுக் கேரம் பலகையைத் தூக்கி வந்து ஓரமெல்லாம் சுற்றிவிட்டான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பலகையை நிமிர்த்திப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். பலகையின் முகம் ரேடியோவை நேராகப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும். வம்பு என்னவென்றால், முதுகைக் காட்டினாலும் அடங்கிவிடும். முகமா முதுகா என்று தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு குட்டிக் கம்பியைச் சொருக வேண்டும்.

முதல் சோதனை மாமாக் சாப்பாட்டுக் கடையில். ரேடியோவை நான் கடைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பலகையோ சட்னி அரைக்கும் மிஷினைத்தான் காட்டியது.

"அண்ணே, மிஷின கொஞ்சம் அடைங்க. அது கரகரங்குது, ரேடியோ கேக்கல."

"அடைச்சிட்டா தோசைக்கு என்னா ஊத்துறது? ஒன் கேரம் காயவா?" என்றார் கடைக்கார அண்ணன்.

நகரும் ரேடியோவைக் கண்டுபிடித்தால் கூடுதல் புள்ளி என்று எங்கள் லெக்சரர் மேடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஏரியலின் வீடு சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த தோட்டத்தில். அங்கே முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று உண்டு. சாமி ஆட்டை யாரும் கட்டமாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். அது பாட்டுக்கு வீடு வீடாகப் போய்த் தின்னும். ஏரியலின் மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் ஓடி வரும், ஏனென்றால் அவன் ரொட்டி சானாய் கொண்டுவருவான்.

சனிக்கிழமை சாயங்காலம் அதன் கழுத்தில் ரேடியோவைக் கட்டிவிட்டான். மறுநாள்தான் பூசை, கிடா வெட்டும் அன்றைக்குத்தான் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை மேடம் புள்ளி போட வந்து நின்றார். கூடவே கோயில் தலைவரும் நாலு ஆட்களோடு வந்தார். கிடாவைக் காணோமாம்.

"தம்பி, ஒன் பொட்டி ஆட்டு கழுத்துலதானே இருக்கு? எந்தப் பக்கம்னு சொல்லு. வெட்டுறவரு காத்துக்கிட்டு இருக்காரு."

ஏரியலின் முகம் செத்துவிட்டது. எனக்கோ இரட்டைச் சந்தோஷம், புள்ளியும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். "மச்சான், காட்டுலா, மேடம் பாக்குறாங்க" என்று இடித்தேன்.

இயர்போனின் ஒரு முனை அவன் காதில், மறுமுனை என் காதில். பலகை திரும்பியது. சத்தம் அடங்கியது. முகம் ரப்பர் காலத்துப் பழைய பால் கொட்டகையைப் பார்த்தது, முதுகு மெயின் ரோட்டை. குட்டிக் கம்பியைச் சொருகினான். முகம்தான், சந்தேகமே இல்லை. எங்கள் கருவி வேலை செய்தது.

ஏரியல் என்னை ஒரு பார்வை பார்த்தான். கம்பியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரோட்டைக் காட்டினான்.

"அந்தப் பக்கம், தலைவரே. ரொம்ப தூரம் போயிருக்கும்போல."

மோட்டார்கள் பறந்தன. மேடமும் காரில் பின்தொடர்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்து, புள்ளிக்கு முட்டை போட்டுவிட்டுப் போனார். பூசை கோழியோடு முடிந்தது. "சாமியே வேணாம்னுருச்சு" என்று தலைவர் கிடாவை அதோடு விட்டுவிட்டார்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது, பால் கொட்டகையில் கிடா படுத்துக்கொண்டு எங்கள் ரேடியோவின் வயரை மென்றுகொண்டிருந்தது.

"டேய், ஒனக்கு அறிவிருக்கா? ஒரு செமஸ்டர் போச்சு."

"ஆடு இருக்குல்ல, மச்சான்," என்றான்.

மறுபடி படித்துத் தேறினோம். அவன் வாழ்நாளில் திசையைச் சரியாகக் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான், அதையும் மறைத்துவிட்டான். இப்போதும் அவன் மோட்டாரில் ஏறினால் எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாது. கூப்பிட்டால் உடனே ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.