மடுவத்து அக்கா படுத்துப் பார்த்த டென்ட்

டென்ட் வாங்குவதற்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரே மனுஷி இந்தப் பூமியில் மடுவத்து அக்காதான். வந்ததோடு விட்டாரா? அந்த மாமியாரை டென்டுக்குள் படுக்கவைத்து, ஜிப்பை இழுத்து மூடி, "அத்த, கொஞ்சம் கொறட்ட விடுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டார். சத்தம் வெளியே கேட்டால் துணி மெல்லிசாம்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் நுவரெலியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஜாக்கெட், மழைக்கோட்டு, பூட்ஸ், டென்ட் என்று குளிருக்கும் மழைக்கும் பயந்தவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை. எனக்குச் சொந்த ஊர் பூண்டுலோயா. தங்கியிருந்தது கடைக்குப் பின்தெருவில் ஒரு போர்டிங் அறையில். முதலாளி சிங்களவர், ஆனால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். காலையில் அவர் எந்தப் பாஷையில் வாயைத் திறக்கிறார் என்பதை வைத்தே அன்றைய பொழுது எனக்கு எப்படி விடியும் என்று சொல்லிவிடுவேன்.

சுற்றுலாக்காரர்கள் குவியும் ஏப்ரல் சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா முதல்முறை வந்தார். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவம் பார்ப்பவர். அம்மாமார் கொழுந்தெடுக்க மலையேறியதும் அவர்களுடைய குழந்தைகளை வரிசையாகப் பாய் போட்டுத் தூங்கவைப்பதும், எழுந்ததும் மூக்குத் துடைத்துவிடுவதும்தான் உத்தியோகம். பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அப்புறம் யாரும் கேட்கவுமில்லை, கூப்பிடவுமில்லை.

"தங்கச்சி, குடும்பத்துக்கு ஒரு நல்ல டென்ட் வேணும். ஏழு பேருக்கு."

"வீட்டுல ஏழு பேருங்களாக்கா?"

"ஆறு பேரு. நானு, அவரு, அத்த, புள்ளைங்க மூனு. ஒரு ஆளுக்கு எடம் கூட இருக்கணும்ல? யாராவது வருவாங்க."

டென்டுக்கு எந்த ஊரில் விருந்தாளி வருகிறார்கள் என்று கேட்க நாக்கு நமைச்சலெடுத்தது. அடக்கிக்கொண்டு, ஆறு பேருக்கானது என்று எழுதியிருந்த ஒன்றைக் கடை நடுவில் விரித்து நிறுத்திக் காட்டினேன். அக்கா சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஆறு பேருன்னா முழுப் பேரா, அரைப் பேரா?"

தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்குப் பாதிக் கூலிதான். அதற்கு அரைப் பேர் என்று சொல்வார்கள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார், உள்ளே போனார், மல்லாந்து படுத்தார். வலது பக்கம் உருண்டார், இடது பக்கம் உருண்டார், ஒரு உதை விட்டார். டென்ட் குலுங்கியது. ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஜாக்கெட்டோடு வெளியே ஓடி, திரும்பி வந்து கொடுத்தார்.

"இது அரைப் பேருதான் தங்கச்சி. கட்டிப்போட்ட மாதிரி கெடந்தா ஆறு பேரு. தூங்குறவங்க அப்படியா கெடக்குறாங்க?"

பிறகு உள்ளிருந்தபடியே எனக்குப் பாடம் நடத்தினார். தூங்குகிறவர்களில் உருளுகிற ரகம், உதைக்கிற ரகம், போர்வை திருடுகிற ரகம் என்று மூன்று உண்டு. அசையாமல் தூங்குகிறவர்கள் நாலாவது ரகம். அவர்கள் மிக அபூர்வம், கிடைத்தால் உதைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போட வேண்டும். அவர் வீட்டில் நடுப்பிள்ளை உருளுகிறவன். புருஷன் உதைக்கிறவர். மாமியார் மற்ற இரண்டையும் செய்துகொண்டே போர்வையும் திருடுவார்.

முதலாளி உள்ளே இருந்து வந்தார். கடை நடுவில் டென்டும், டென்டுக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"மொனவத மே?" என்றார். 'என்ன இது?' என்பதைச் சிங்களத்தில் கேட்டுவிட்டதால் நான் அவசர அவசரமாக ஜாக்கெட்டுகளை மடிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு வந்ததுதான் மாமியார் படலம். குறட்டைச் சோதனையில் தேறிய டென்ட், மாமியார் எழுந்து நிற்கும்போது தோற்றுப்போனது. தலை இடித்தது.

"லயத்து வீட்டுலயும் குனிஞ்சேன், மலையிலயும் குனிஞ்சேன். காசு குடுத்து வாங்குற எடத்துலயுமாடி குனியணும்?" என்றார் கிழவி.

அக்கா அந்த டென்டின் ஜிப்பை இழுத்து மூடினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒசரமா ஒன்னு எடு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

உயரமானதை எடுத்தேன். அக்கா ஜிப்பை அறுபது தடவையாவது திறந்து மூடினார். சின்னவளுக்கு அவசரமாக வந்தால் ஜிப் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். மேல்துணி தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் இருந்தால் போதாது, தரைவரை இறங்க வேண்டும் என்றார். தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று நான்கு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார். கடைசியில் காற்றுச் சோதனை. முதலாளியின் பெரிய மின்விசிறியை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு டென்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தெருவில் போனவர்கள் இது ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்து உள்ளே கூடிவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு டென்ட் வாங்கிக்கொண்டு போயின. அக்கா மட்டும் வாங்கவில்லை, கம்பி வளைகிறதாம்.

"தங்கச்சி, அந்த அக்காவுக்கு ஒரு பிளேன்டீ கொண்டாங்க" என்றார் முதலாளி. சுத்தமான தமிழில்.

பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் டென்ட் எதற்கு என்று கேட்டேன். புருஷனுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. புத்தாண்டுக்கு நாலு நாள் லீவில் வருவார். சீசன் பார்க்க, ஏரியில் படகு ஏற, நுவரெலியா கூட்டிப்போகிறேன் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சத்தியம் செய்து, வருஷா வருஷம் கைவிரித்தாகிவிட்டது. சீசனில் அறை வாடகை யானை விலை, குதிரை விலை. அப்படியே கிடைத்தாலும் ஆறு பேரை இரண்டு அறையில் பிரித்துப் போடுவார்கள்.

"அவரு வர்றதே நாலு நாளு. அதுலயும் ஆளுக்கொரு ரூமுல படுத்தா, அதுக்கு அவரு கொழும்புலயே இருக்கலாமே? எல்லாரும் ஒரே வரிசையில படுக்கணும் தங்கச்சி. பெரியவ அடுத்த வருஷம் எங்க படிக்கப் போறாளோ தெரியாது."

நுவரெலியாவுக்கு வெளியே அவருடைய தம்பி மரக்கறித் தோட்டம் செய்கிறாராம். அங்கே டென்ட் போட இடம் தயார். டென்ட்தான் பாக்கி.

"நீ புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போவியா?" என்று கேட்டார்.

"சீசன்ல எங்கக்கா லீவு? அன்னிக்கும் கட தெறந்திருக்கும்." சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தார்.

புத்தாண்டுக்கு முதல் நாள் மூட்டை முடிச்சுகளோடு முழுக் குடும்பமும் வந்து இறங்கியது. புருஷன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், பயந்த குரல்.

"தங்கச்சி, நாலு நாள் லீவுல ஒன்னு பஸ்ஸுல போச்சு. ரெண்டாவது இங்க போகுது. எதையாவது நல்லதுன்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எங்களிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பரணில் கிடந்த பெரியது. கடைக்குள் அடங்காது. முதலாளியும் புருஷனும் அதைக் கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கம்பியை இவர் நிமிர்த்தினால் அந்தப் பக்கம் அவர் விழுந்தார். இதுவும் தோற்றால் பிள்ளைகள் இன்றைக்கே வட்டகொடைக்குத் திரும்ப வேண்டியதுதான். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பாஸாயிருமா அக்கா?" என்று கேட்டாள். கடையில் எத்தனையோ சாமான் விற்றிருக்கிறேன். ஒரு சாமானுக்காகச் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

கடைசி ஆணியை அடித்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஏப்ரல் பிற்பகல் மழை. ஓடித் தப்ப நேரமில்லை. எல்லோரும் டென்டுக்குள் பாய்ந்தோம், முதலாளி உட்பட.

"சொவத்தத் தொடாதீங்க! தையல்ல தண்ணி வருதான்னு மட்டும் பாருங்க!" என்று அக்கா உத்தரவு போட்டார். ஆளுக்கொரு மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு விழுந்தது. முதலாளியின் தலையில்.

பிள்ளைகள் முகம் செத்துப்போனது. அக்கா எழுந்து போய்ப் பார்த்தார். "கதவ மூடாம ஒக்காந்தா சொட்டத்தான் செய்யும் மொதலாளி" என்று சொல்லி ஜிப்பை இழுத்தார். அப்புறம் ஒரு சொட்டு இல்லை. மாமியார் எழுந்து நின்றார். நிமிர்ந்து நின்றார். தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மழை கேட்கவில்லை.

"சரி, எல்லாரும் படுங்க."

காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுவது போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படுக்கவைத்தார். உதைக்கிறவர் ஓரத்தில். உருளுகிறவன் அம்மா பக்கத்தில். பிறகு, "அத்தைக்கும் பெரியவளுக்கும் நடுவுல, தங்கச்சி, நீ படு" என்றார். முதலாளியைக் காலடியில் குறுக்கே போட்டார்.

"நானும் அளவு பாக்கத்தானேக்கா?" என்றேன்.

"மொதலாளிதான் அளவு பாக்க. நீதான் வர்ற ஏழாவது ஆளு. மொதலாளி, நாளைக்குச் சாயந்தரம் இந்தப் புள்ளைய நேரத்தோட விட்டுருங்க. வருஷப் பொறப்பும் அதுவுமாத் தனியா என்னாத்துக்கு அந்த ரூமுல கெடக்கணும்?"

நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். முதலாளி எந்தப் பாஷையில் வாயைத் திறப்பார் என்பதுதான் கவலை.

"சரிக்கா. ஆனா காலையில கட தெறக்க வந்துரணும்" என்றார் தமிழில்.

அந்தப் புத்தாண்டை அக்காவின் தம்பி தோட்டத்தில், லீக்ஸ் பாத்திகளுக்குப் பக்கத்தில், அந்த டென்டுக்குள் கொண்டாடினேன். பிள்ளைகள் படகு ஏறிய கதையை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வெளியே பனிமூட்டம், உள்ளே ஏழு பேரின் மூச்சில் அடுப்படி போலச் சூடு. கடையில் நான் உட்கார்ந்தபடியே ஆடாமல் தூங்குவதைப் பார்த்து, என்னை அசையாத ரகம் என்று அக்கா முடிவு கட்டியிருந்தார். காலையில் கிழவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இந்தப் புள்ள விடிய விடிய என்னைய ஒதைச்சிருச்சிடி!" என்று முறையிட்டபோதுதான், அக்காவின் கணக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தப்பியது தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். போன வாரம் அக்கா போன் பண்ணினார்.

"தங்கச்சி, டென்டு பழசாயிருச்சு. பெரியவளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையும் வந்தாச்சு. அவரு என்னா ரகம்னு இன்னும் புடிபடல. பெருசா ஒன்னு பாக்கணும், நீ வந்து படுத்துப் பாரு. ஒனக்கு மட்டும் ரெண்டு ஆளு எடம் கணக்குப் போட்டிருக்கேன்."

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உதைக்கிறவள் என்று தெரிந்தும், விரட்டாமல், எனக்கு இரண்டு ஆள் இடம் ஒதுக்குகிற ஒரே மனுஷி இந்தப் பூமியில் மடுவத்து அக்காதான்.