துப்பாக்கி ரைட்டரின் கோணல் கண்

ஏற்காட்டில் அவர் துப்பாக்கியைத் தூக்கினால் குரங்குகள் ஓடாது. கிளையில் வசதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். சேர்வராயன் மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எதிரில் இருப்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பான துப்பாக்கிக்காரர் இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார். அந்தப் பாதுகாப்பு எதிரில் இருப்பவருக்கு மட்டும்தான். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் பாடு வேறு.

எண்பதுகளின் தொடக்கத்தில், கொட்டச்சேடு போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கிளார்க். காலையில் ஆள் பேர் எழுதி, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பவர் இவர். அந்த வேலைக்கு மலையில் ரைட்டர் என்று பெயர். எஸ்டேட்டுக்கு ஒரு ரைட்டர் உண்டு. ஆனால் துப்பாக்கி ரைட்டர் என்று இவர் ஒருவர்தான். எஸ்டேட்டின் பழைய ரைபிள் இவர் பொறுப்பில் இருந்தது. லைசென்ஸில் அதை வைத்திருப்பவர் என்ற இடத்தில் இவர் பெயர் இருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி இவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவருடைய சம்சாரமே வாசலில் வந்து நிற்பவர்களிடம், "துப்பாக்கி ரைட்டரு ஊட்டுல இல்லீங்க" என்றுதான் சொல்லுவார்.

வயது ஐம்பது இருக்கும். மே மாதத்திலும் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். துப்பாக்கிக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்து, வெள்ளிக்கிழமையானால் சந்தனப் பொட்டும் வைத்துவிடுவார். ஒரு உயிரையும் அவர் சுட்டதில்லை. சுடும் எண்ணமும் கிடையாது. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றியும் மரியாதைக்காகக் கொஞ்சம் நகர்ந்து நிற்கும்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. எங்கள் மேனேஜர் குடகுக்காரர். அவர்கள் ஊரில் தேங்காயை மரத்தில் கட்டிச் சுடுவது ஒரு திருவிழாப் பழக்கமாம். அதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். வருஷா வருஷம் பழம் பறிப்பு முடிந்ததும் சில்வர் ஓக் மரத்தில் தேங்காயைக் கட்டி, நாற்பது தப்படி தள்ளி நின்று, ஆளுக்கு ஒரு குண்டு. மரத்துக்குப் பக்கவாட்டில் பதினைந்து அடி தள்ளி ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும். "பட்டுச்சு" என்றோ "படல" என்றோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. சாட்சி இல்லாத குண்டு செல்லாது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் துப்பாக்கி ரைட்டர் சுட்ட குண்டு, தேங்காயை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த பலாமரத்தில் ஒரு பிஞ்சின் காம்பை அறுத்தது. அதற்கு முந்தைய வருஷம் பங்களாவின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்ததாகச் சொன்னார்கள். பலாப்பிஞ்சு விழுந்த அன்று சாட்சியாக நின்றவர் சூப்பர்வைசர் பீட்டர். நல்ல மனிதர், சர்ச்சில் பாடுகிறவர். வெடிச் சத்தம் கேட்டதும் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். விழுந்த பலாப்பிஞ்சை மத்தியானம் பொரியல் செய்து எல்லோரும் சாப்பிட்டோம்.

மேனேஜர் சாப்பிடவில்லை. "ரைட்டர், ஏழு வருஷம் பாத்தாச்சு. அடுத்த வருஷமும் தவறினா லைசென்ஸ்ல உங்க பேரை எடுத்துட்டு பீட்டர் பேரைப் போடுவேன். துப்பாக்கி அவர்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

துப்பாக்கி ரைட்டர் குழலைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். துப்பாக்கி போனால் அவர் வெறும் ரைட்டர். மலையில் அப்படி எத்தனையோ பேர். மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, சேலம் வரைக்கும் கூட வாரீங்களா? கண்ணு டாக்டரப் பாக்கோணும்."

"கண்ணுக்கு என்னங்க?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. துப்பாக்கிக்குத்தான் கோளாறு. ஆனா துப்பாக்கிக்கு டாக்டரு இல்லீங்களே."

சேலத்து டாக்டர், விசிறி மாதிரி கோடுகள் போட்ட ஓர் அட்டையைச் சுவரில் மாட்டிக் காட்டினார். எல்லாக் கோடும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்டார்.

"இல்லீங்க. நிக்கிற கோடு நல்லா கறுப்பா இருக்குது. படுத்த கோடு கலங்கிக் கெடக்குது. இத அச்சடிச்சவன நீங்க மாத்தோணுங்க."

டாக்டர் பொறுமைசாலி. "அச்சு சரியாத்தான் இருக்கு. கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். உங்களுக்கு முட்டை மாதிரி ஒரு பக்கமா அமுங்கியிருக்கு. அதனால வெளிச்சம் ஒரே இடத்துல வந்து சேராம இழுத்துக்குது. கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றார்.

"செரிங்க. அப்ப இந்தக் கண்ணுக்குத் துப்பாக்கியில குறி பாக்கறதுக்கு எந்த மாதிரி சைட் வெக்கலாங்க?"

டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "நான் கண்ணுக்கு மட்டுந்தாங்க சீட்டு எழுதறேன்."

கண்ணாடிக் கடையில்தான் தவறு நடந்தது. கடைக்காரர் சதுர பிரேம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இவருக்கு வட்ட பிரேம்தான் வேண்டும். எங்கள் பங்களாவில் மாட்டியிருந்த பழைய வெள்ளைக்கார துரை படத்தில் துரை துப்பாக்கியோடு நிற்பார், வட்டக் கண்ணாடி போட்டிருப்பார். துரையே வட்டம் போட்டுத்தான் சுட்டிருக்கிறார் என்றால் அதற்கு மேல் பேச்சு ஏது?

முதல் வாரம் உலகம் பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரம் சாய ஆரம்பித்தது. திங்கட்கிழமை நேராக நின்ற மரம் வியாழக்கிழமை இடது பக்கம் சாய்ந்தது. புதிதாக நட்ட காப்பி நாற்று வரிசை ஒன்றை மூன்று முறை பிடுங்கி நட வைத்தார். "நேராத்தானுங்க இருக்குது" என்று ஆட்கள் கயிறு பிடித்துக் காட்டினார்கள். "இதா நேரு? கிளியூருக்குப் போற பாதையாட்டம் வளைஞ்சு கெடக்குது" என்று கத்தினார். நாற்றுகள் நொந்துபோயின. ஆட்கள் அதைவிட நொந்துபோனார்கள்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இவர் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, கண்ணாடிச் சில்லின் மேல் விளிம்பில் நடுவாக ஒரு புள்ளி வைத்தார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் புள்ளி காதுப் பக்கம் போயிருந்தது. தினமும் காலையில் வேட்டி முனையால் அவர் வட்டம் வட்டமாகத் துடைத்ததில், வட்ட பிரேமுக்குள் சில்லும் கூடவே சுற்றியிருக்கிறது. கோணல் கண்ணுக்கென்று ஒரு கோணத்தில் அறுத்துக் கொடுத்த சில்லு அது. சுற்றினால் உலகமும் கூடச் சாயாமல் என்ன செய்யும்? பிரேமில் நூல் கொடுத்து இறுக்கினார். அன்று முதல் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தார்.

அதோடு முடியவில்லை. துப்பாக்கியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தால் கண்ணாடியின் ஓரம் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓரத்தில் மறுபடி பழைய கலக்கம். குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் முனையின் தலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. "கண்ண மாத்தியாச்சுங்க. இனி சைட்ட மாத்தோணும்" என்றார்.

பங்களா ஸ்டோர் ரூமில் துரை காலத்து டெலஸ்கோப் சைட் ஒன்று கிடந்தது. உள்ளே பார்த்தால் கூட்டல் குறி போல இரண்டு கம்பிகள் தெரியும். இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "நிக்கிற கம்பி இருக்குது. படுத்த கம்பிய எவனோ கழட்டீட்டான்" என்றார். நான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. சொன்னால் நம்பவில்லை. ஒரு பகல் முழுக்க இதே தகராறு.

அடுத்து, முதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்தார். பேட்டரி போட்டால் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளியைக் குறி மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். துப்பாக்கி ரைட்டர் எஸ்டேட்டில் ஒருவர் பாக்கி இல்லாமல் கூப்பிட்டு அதில் பார்க்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். சமையல்கார அம்மா, "குங்குமப் பொட்டாட்டம் அழகா இருக்குதுங்க" என்றார். பீட்டர் வட்டம் என்றார். நானும் வட்டம் என்றேன்.

"எனக்கு மட்டும் மொளகாப்பழமாத் தெரியுதுங்க. வாலோட."

"வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்க" என்றார் மருமகன்.

குறைத்துப் பார்த்தார். "இப்பவும் மொளகாதானுங்க. சின்ன மொளகா."

குழாயைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு வாரம் ஆள் பேர் எழுதும் நோட்டிலேயே கண்ணாக இருந்தார். மேனேஜரின் ஜீப் போகும்போது மட்டும் தலை நிமிர்ந்து பார்ப்பார். லைசென்ஸ் புதுப்பிக்கும் காகிதம் அந்த ஜீப்பில்தான் வரும்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸில் என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து அவர் மேஜை மேல் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தவர், பொத்தானை எடுத்துச் சும்மா கண்ணில் வைத்து, ஓட்டை வழியாக எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை.

"தம்பி, அந்தக் காலண்டர எடுத்துட்டு வராந்தா கோடிக்குப் போங்க."

போனேன். அங்கிருந்து பிடித்துக் காட்டினேன்.

"ராகு காலம் ஒம்போதுலருந்து பத்தர" என்று படித்தார். கண்ணாடி இல்லாமல். பிறகு மெதுவாகச் சொன்னார். "பெரிய பெரிய கண்ணாடியெல்லாம் வெளிச்சத்த அள்ளி அள்ளி உள்ள கொட்டுதுங்க சாமி. என்ற கண்ணு கோணல். கொட்டுனதெல்லாஞ் செதறுது. இந்தச் சின்ன ஓட்டையில கொஞ்சமா வருது. செதறறதுக்கு எடமில்ல."

டாக்டர் அட்டை மாட்டிச் சொன்னதைவிட எனக்கு இது நன்றாகப் புரிந்தது. பொத்தானின் நாலு ஓட்டையில் மூன்றை ஆபீஸ் அரக்கால் அடைத்தார். மிச்சமிருந்த ஓட்டை கண்ணுக்கு நேராக வரும்படி, பொத்தானைக் கம்பியும் அரக்கும் வைத்துத் துப்பாக்கியின் பின்பக்கம் பொருத்தினார். இரண்டு மாதம் தினமும் சாயங்காலம், குண்டு போடாமல், சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். போகிற வருகிறவர்கள் மரத்துக்குப் பூஜை என்றார்கள்.

போட்டி நாள் வந்தது. பீட்டர் முதலில் சுட்டார். தேங்காய் உடைந்தது, கை தட்டினோம், புதுத் தேங்காய் கட்டினார்கள். துப்பாக்கி ரைட்டர் வந்து நின்றார். மேனேஜர் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, சட்டைப் பொத்தானா?"

"ஆமாங்க. சீமைச் சாமானெல்லாம் பாத்தாச்சுங்க. இதுதான் என்ற கண்ணுக்கு ஒத்து வருது."

எல்லோரும் சிரித்தார்கள். "சாட்சி யாரு?" என்று மேனேஜர் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. பீட்டர் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். சமையல்கார அம்மா அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து போய்விட்டார். ஒருவரும் மரத்துப் பக்கம் நகரவில்லை.

"சாட்சி இல்லன்னா இது செல்லாது ரைட்டர். துப்பாக்கியைக் கொடுத்துடுங்க."

அந்த ஒரு வருஷத்தில் அவர் முகம் தொங்கிப் போய் நான் அன்றுதான் பார்த்தேன். சாய்ந்த உலகத்தையும் மிளகாய்ப்பழத்தையும் சமாளித்தவர். மனிதர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியவில்லை. யாரையும் பார்த்து வா என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

நான் போய் நின்றேன். வீரமெல்லாம் ஒன்றும் கிடையாது.

"வேண்டாங்க தம்பி. நீங்க இன்னும் கலியாணம் ஆவாதவரு."

"சுடுங்க ரைட்டரய்யா."

"அப்ப இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க சாமி."

தள்ளி நின்றேன். கண்ணை மூடக் கூடாது, சாட்சி கண்ணை மூடினால் தீர்ப்பு ஏது? தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்தது. தேங்காயின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்து, அதிலிருந்து தண்ணீர் மெல்லிசாக மரத்தில் வழிந்தது.

"பட்டுச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மேனேஜர் அங்கிருந்து, "என்னய்யா, பட்டுச்சா இல்லையா?" என்று கேட்கிறார். துப்பாக்கி ரைட்டருக்கோ, கண்ணாடியும் இல்லாமல், பொத்தானிலிருந்து கண்ணையும் எடுத்துவிட்டதால், நாற்பது தப்படிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படலீங்களா தம்பி? பரவாயில்லீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

லைசென்ஸில் அவர் பெயரே இருந்தது. தேங்காயைப் போய்ப் பார்த்த மேனேஜர், புதுப்பிக்கும் காகிதத்தில் அதை அன்றைக்கே எழுதினார். ஆனால் போட்டி, பெயர், துப்பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்ட அந்த மனுஷருக்குப் பதில் சொல்ல முடியாமல், மலையில் அத்தனை பேர் பார்க்க, நான் தேங்காயைக் கையால் காட்டிக்கொண்டு அழுதேன்.