மூன்றாவது பாட்டில் ஒரு மணி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பானு அக்கா சொல்லிக் கேட்டது. அவளுக்குச் சொன்னது கிருஷ்ணவேணி. இரண்டு வாய் கடந்து வந்ததால் கொஞ்சம் கூடியிருக்கலாம், குறைந்திருக்காது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கிருஷ்ணவேணியின் புருஷன் சுடலைராஜ் மெக்கானிக். அவருக்கு ஸ்பேனர் இரண்டாம்பட்சம். காதுதான் முதல் கருவி. ஓடுகிற மெஷினோடு காதை ஒட்டி வைப்பார். "மூணாவது பேரிங் அழுது" என்பார். கழற்றினால் மூன்றாவது பேரிங் தேய்ந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தக் காதுதான் வீட்டுக்குச் சோறு போட்டது.

அந்தக் காது கொஞ்ச நாளாகச் சரியில்லை. பேச்சு கேட்கும், லாரி கேட்கும். கீச்சென்று வருகிற எதுவும் கேட்காது. குக்கருக்குக் காவல் வைத்தால், அது ஒன்பது விசில் அடித்துப் பருப்பு ரசமாகிவிடும். "இன்னும் விசிலே வரலையேட்டி" என்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் போன மாதம் ஒரு பேரிங் கிறீச்சிட்டது. அவர் பக்கத்தில்தான் நின்றார், காதில் விழவில்லை. அது சூடேறிக் குச்சிகள் பற்றிக்கொண்டன. அங்கே வேலை பார்த்த பெத்தம்மாளுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. முதலாளி கரண்டுக் கோளாறு என்றார். சுடலைராஜும் அதையே சொன்னார்.

அதே ஆலையில் பெட்டி அடைக்கிற கிருஷ்ணவேணி மட்டும் நம்பவில்லை.

"திருநெல்வேலிக்குப் போயி காதைக் காட்டுங்க."

"காட்டினா டாக்டர் எழுதிக் குடுப்பாரு. முதலாளி என்னை உங்கூட பெட்டி அடைக்க உக்கார வச்சிருவாரு."

"உக்காந்தா என்ன? நான் உக்காரலையா?"

இந்த நேரத்தில்தான் டின் லாந்தர்ஸ் வந்து சேர்ந்தார்கள். அது ஓர் ஆங்கில ராக் குழு. படிக்கிற காலத்தில், பாலிடெக்னிக் விடுதியில், அவர்களுடைய பிரபலமான பாட்டுகளின் கேசட்டை சுடலைராஜ் மனப்பாடமாகும்வரை கேட்டவர். அதே தொகுப்பை, ஒலியைத் துலக்கி, மறுபடி கேசட்டாகவே வெளியிடுகிறார்களாம். விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். உண்மையான காரணத்தை வெளியே விடவில்லை. மூன்றாவது பாட்டில், கிட்டார் ஓய்ந்ததும், ஒரு சின்ன மணி ஒலிக்கும். இப்போது அது கேட்பதில்லை. பழைய கேசட் தேய்ந்திருந்தால் காது பிழைத்தது. புதிதிலும் கேட்காவிட்டால்? அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

"ஏங்க, அதே பாட்டா?"

"அதே பாட்டுதான்."

"புதுசா ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல. ஆனா சுத்தமா இருக்கும்."

"பழைய கள்ளு, புது மொந்தை. மொந்தைக்கு ரெண்டாயிரத்து எண்ணூறா?"

"உனக்கு என்னட்டி தெரியும்? மூணாவது பாட்டுல ஒரு மணி வரும். பழசுல அது அழிஞ்சு போச்சு. புதுசுல கணீர்னு கேக்கும்."

கிருஷ்ணவேணி அவர் காதைப் பார்த்தாள். "அப்ப வாங்குங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்ததே இல்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூரியர் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். துண்டோடு ஓடிவந்தார். அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டிரம் வந்தது. கிட்டார் வந்தது. கிட்டார் ஓய்ந்தது. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, பேரிங்கைக் கேட்பதுபோல ஸ்பீக்கரில் காதை வைத்தார். அந்தக் காது மழைக்குக் காத்துக்கிடக்கிற கரிசல்காடு மாதிரி இருந்தது. ஒரு சொட்டும் இல்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேக்காமயா! கணீர்னு! குடுத்த காசுக்குத் தகும்ட்டி."

"நல்லாக் கேட்டீங்களா?"

"கோயில் மணி தோத்துது போ!"

அவள் அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து புதுக் கேசட்டை எடுத்து வந்தாள். மேலுறைகூடக் கிழியவில்லை.

"இப்ப ஓடுறது உங்க பழசு."

சுடலைராஜ் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"பழசுலயே கணீர்னு கேக்குதுன்னா புதுசு எதுக்கு? திருப்பி அனுப்பிருதேன். கேக்கலன்னா சொல்லுங்க, நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்குத் திருநெல்வேலி போவோம். ரெண்டுல எது?"

கேட்டது என்றால் வேலை இருக்கும். அடுத்த பேரிங்கும் அவர் காதுக்கு எட்டாமல் கிறீச்சிடும்.

"புதுசையும் ஒருதடவ போட்டுப் பாத்துட்டு..."

"பெத்தம்மா கைக்கு நான்தான் தெனம் மருந்து போடுதேன்," என்றாள். "அவகிட்ட நீங்க வாய் தொறக்கல. எங்கிட்டயாவது சொல்லுங்க."

அவள் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இப்ப எத்தனை விசில் அடிச்சிச்சு?"

"எது?" என்றார்.

அவள் போய் குக்கர் அடுப்பை அணைத்தாள். அவர் கேட்டார்: "எட்டு மணி பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்குமா?"

புதுக் கேசட் திரும்பிப் போனது. சுடலைராஜ் இப்போது கிருஷ்ணவேணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறார். அவளைவிட மெதுவாகத்தான்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அந்தப் பழைய கேசட்டை இரவல் வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். கிட்டார் ஓய்ந்ததும் மணி ஒலிக்கிறது. நாடா தேயவே இல்லை.